காசில்லாமல் கிடைத்த மருந்து



சில வாரங்களுக்கு முன்னர், செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் அம்மையார் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய மகன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். மாதாமாதம் மிச்சம் பிடித்து, பழைய மடிக்கணினி ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் அதன் திரையில், 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. இதோ இலவச மருந்து, இங்கே அழுத்துங்கள்' என்று ஓர் அறிவிப்புத் தோன்றியதாம். அழுத்தலாம் என்கிறான் மகன். கூடாது என்கிறார் தாயார். "காசு வாங்காமல் யாருங்க ஐயா மருந்து கொடுப்பார்கள்? கொடுத்தால் அது நல்ல மருந்தா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

படிப்பு அதிகம் இல்லாதவள் என்று அந்த அம்மையார் தம்மைக் குறித்து எழுதியிருந்தாலும், கேள்வி சாதாரணக் கேள்வி அன்று. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. காசு வாங்காமல் நல்ல மருந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். மருந்து என்ற பெயரில் நஞ்சு கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆகவே, இன்றைய உரையில் அந்த வரலாற்றையே நாம் பார்ப்போம்.

முதலில், கணினியில் வைரஸ் என்றால் என்ன? உயிருள்ள கிருமி எதுவும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதில்லை. கணினி என்பது சொன்னதைச் செய்யும் பொறி. அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருப்பதைத்தான் நிரல் என்கிறோம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், புத்தகத்தில் இருக்கிறபடி இன்னாருக்கு இந்த வேலை என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பாரே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் யாரோ ஒருவன், யாருக்கும் தெரியாமல் ஒரு வரியை எழுதிவிடுகிறான். 'இந்த வரியை அடுத்த தோட்டத்துப் புத்தகத்திலும் எழுதி வை' என்பதே அந்த வரி. மண்டோரோ, புத்தகத்தில் இருப்பதைக் கேள்வி கேட்காமல் செய்பவர். வரி ஊர் ஊராகப் பரவுகிறது. இவ்வளவுதான் வைரஸ். அந்த வரியோடு, 'கணக்கையெல்லாம் அழித்துவிடு' என்று மற்றொரு வரியையும் சேர்த்துவிட்டால் கேடு முழுமையாகிவிடும்.

இந்தக் கதை நடந்த காலம் 1980-ஆம் ஆண்டுகள். அப்போது வீட்டிலும் அலுவலகத்திலும் மேசைமேல் வைக்கக்கூடிய சிறு கணினிகள் புதிதாக வந்திருந்தன. இணையம் இன்றுபோல் வீட்டுக்கு வீடு இல்லை. ஒரு கணினியில் உள்ளதை மற்றொரு கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், நெகிழ்வட்டு என்னும் மெல்லிய வட்டில் பதிந்து கையில் எடுத்துச் செல்ல வேண்டும். பரவலாக இருந்த ஒரு வகை வட்டு, ஐந்தேகால் அங்குல அளவு. ஏறக்குறைய 180 தட்டச்சுப் பக்கங்கள் அதில் அடங்கும். ஆசிரியர் மாணவருக்குக் கொடுப்பார், மாணவர் நண்பருக்குக் கொடுப்பார். வட்டு எங்கெல்லாம் போனதோ, வைரஸும் அங்கெல்லாம் போயிற்று.

ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் 'பிரெய்ன்' எனப்படும். 1986-ஆம் ஆண்டு பாகிஸ்தானில், லாகூர் நகரில், பாசித் ஃபரூக் அல்வி, அம்ஜத் ஃபரூக் அல்வி என்னும் சகோதரர்கள் இருவர் அதை எழுதினார்கள். மருத்துவர்களுக்காகத் தாங்கள் எழுதிய நிரலைப் பலர் திருட்டுத்தனமாகப் படியெடுத்ததைக் கண்டுபிடிக்கவே அப்படிச் செய்ததாக அவர்கள் கூறினார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள்! திருடன் தன் அடையாள அட்டையை விட்டுவிட்டுப் போனதுபோல.

அது வேலை செய்த விதத்தை அறிந்தால், பின்னால் மருந்து செய்தவர்களின் திறமை நமக்கு விளங்கும். கணினி விழித்தெழும்போது வட்டின் முதல் பகுதியைத்தான் முதலில் படிக்கும். பிரெய்ன் அந்த முதல் பக்கத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்த உண்மையான பக்கத்தைப் பின்னால் ஒரு மூலைக்கு மாற்றி, 'இந்த இடம் பழுது, யாரும் எழுதவேண்டாம்' என்று குறி போட்டுவிடும். யாராவது சந்தேகப்பட்டு, 'முதல் பக்கத்தைக் காட்டு' என்று கேட்டால், பின்னால் ஒளித்து வைத்திருக்கும் நல்ல பக்கத்தை எடுத்துக் காட்டும். பார்ப்பவர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று போய்விடுவார். பிரெய்ன் பெரிய நாசம் எதுவும் செய்யவில்லை. ஆயினும் 1987-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்து வந்தவை அவ்வளவு சாதுவானவை அல்ல. 1987-இல் 'வியன்னா' என்னும் வைரஸ் பரவியபோது, ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் ஃபிக்ஸ் என்பவர் அதை நீக்க ஒரு நிரல் எழுதினார். பரவிக்கொண்டிருந்த வைரஸ் ஒன்றை நிரல் கொண்டு அகற்றியதாகப் பதிவாகியிருக்கும் மிகப் பழைய நிகழ்ச்சிகளில் அது ஒன்று. மறு ஆண்டு அதே வியன்னா, செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குள் புகுந்தது. அங்கே பணியாற்றிய பாவெல் பௌதிஷ் என்பவர் அதற்கு மருந்து எழுதினார். இவர் பெயரை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இவரிடம் திரும்பி வருவோம்.

இனி, நம் கதையின் நடுநாயகமான மனிதரைப் பார்ப்போம். அமெரிக்காவில், சிகாகோ நகருக்கு அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே கணினித் துறையில் பணியாற்றியவர் ஜான் நோர்ஸ்டாட். பல்கலைக்கழகங்களில் அப்போது ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிகள் ஏராளமாக இருந்தன. ஒரே கணினியில் காலையில் ஒரு மாணவர், மாலையில் மற்றொரு மாணவர். ஒவ்வொருவரும் தம் வட்டைப் போட்டு எடுப்பார். இதைவிட நல்ல விளைநிலம் வைரஸுக்கு ஏது?

1988-ஆம் ஆண்டில் 'ஸ்கோர்ஸ்' என்றும் 'என்.வி.ஐ.ஆர்.' என்றும் இரு வைரஸ்கள் மெக்கின்டாஷ்களைப் பீடித்தன. இரண்டாவது ஒரு விசித்திரமான வைரஸ். பேசும் வசதி உள்ள கணினியாக இருந்தால், சில நேரங்களில் 'பதறாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் பேசும்! இதே ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. கனடா நாட்டு மாத இதழ் ஒன்றோடு தொடர்புடைய வைரஸ், மார்ச் 2-ஆம் நாள் திரையில் உலக சமாதானச் செய்தி ஒன்றைக் காட்டியது. சமாதானந்தானே என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று கடைகளுக்கு விற்பனைக்கு அனுப்பிய புத்தம் புதிய வட்டுகளிலும் அது ஏறிவிட்டது. முத்திரை உடையாத பெட்டியும் பாதுகாப்பில்லை என்று மக்கள் அன்றுதான் கண்டார்கள்.

நோர்ஸ்டாட் 1989-ஆம் ஆண்டு ஒரு நிரலை வெளியிட்டார். அதன் பெயர் 'டிஸின்ஃபெக்டன்ட்'. தமிழில் கிருமிநாசினி என்று சொல்லலாம். அது வட்டைத் தேடிப் பார்க்கும். வைரஸ் ஏறிய நிரல் இருந்தால், ஒட்டிக்கொண்டதை மட்டும் வெட்டி எடுத்து, நிரலைப் பழையபடி ஆக்கும். இனிமேல் ஏறாதபடி காவல் இருக்கும் ஒரு சிறு பகுதியையும் கணினியில் வைத்துவிட்டுப் போகும். அதற்குள்ளேயே ஒரு கையேடும் இருந்தது. இன்ன வைரஸ் இன்ன ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்னதைச் செய்யும், இன்னதைச் செய்யாது என்று அமைதியாக, அச்சுறுத்தாமல், விளக்கமாக எழுதியிருந்தார். அதற்கு அவர் வாங்கிய விலை? ஒரு காசுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளா? இல்லை. பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. நிரலின் உரிமையும் பல்கலைக்கழகத்தினுடையது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கொடுத்த மருந்துக்கு அந்நாளில் நம் பெற்றோர் காசு கொடுக்கவில்லை. ஆனால் அதற்கான செலவு எங்கோ ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது அல்லவா? அதைப் போலத்தான். ஆகவே, காசு வாங்காத மருந்தைக் காணும்போது, 'இதன் செலவை யார் ஏற்கிறார்கள்?' என்று கேட்பது தவறே இல்லை. அந்த அம்மையார் கேட்டதும் அதைத்தான்.

நோர்ஸ்டாட் தனியாளாக உழைக்கவில்லை. பல நாடுகளில் இருந்த மெக்கின்டாஷ் வைரஸ் வல்லுநர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, கணினி வலைப்பின்னல் வழியாகத் தகவல் பரிமாறிக்கொண்டார்கள். புதிய வைரஸ் எங்காவது தலைகாட்டினால், அதன் மாதிரி இவர்களுக்கு வந்துவிடும். விலைக்கு மருந்து விற்றவர்களும் இந்தக் கூட்டுறவில் இருந்தார்கள் என்பது நம்மை வியக்க வைக்கிறது. கடைக்காரரும் காசு வாங்காதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள்!

1989 டிசம்பரில் 'டபிள்யூ டி.இ.எஃப்.' என்னும் வைரஸ் பெல்ஜியம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே மாதம் நோர்ஸ்டாடின் சொந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் அது அகப்பட்டது. வைத்தியர் வீட்டுக்கே நோய் வந்துவிட்டது. அதற்கு முந்தியவை, வைரஸ் ஏறிய நிரலை நாம் இயக்கினால்தான் பரவும். இதுவோ வட்டை உள்ளே போட்டவுடனேயே பரவும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை. டிஸின்ஃபெக்டன்டைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட வேண்டியதாயிற்று. இப்படி ஒவ்வொரு புது வைரஸுக்கும் ஒரு புதிய பதிப்பு என்று ஒன்பது ஆண்டுகள் அந்தப் பணி நடந்தது. வைரஸ் எழுதியவர்களைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயினும் 1992 பிப்ரவரியில் விளையாட்டு நிரல்களுக்குள் வைரஸை மறைத்து அனுப்பிய கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

இனி, அம்மையாரின் அச்சத்துக்குக் காரணமான மறுபக்கத்துக்கு வருவோம். நியூயார்க்கைச் சேர்ந்த ராஸ் கிரீன்பர்க் என்பவர் 'ஃப்ளூ ஷாட்' என்று ஒரு காவல் நிரல் எழுதியிருந்தார். சளிக்காய்ச்சல் ஊசி என்று அதற்குப் பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஒரு சிறு தொகை அனுப்பலாம் என்பது ஏற்பாடு. 1988-ஆம் ஆண்டில், எவனோ ஒருவன் அதே பெயரில், புதிய பதிப்பு என்று சொல்லி, ஒரு போலியைச் சுற்றுக்கு விட்டான். ஊசி என்று நம்பிப் போட்டுக்கொண்டவர்களின் வட்டு பாழாயிற்று. கிரீன்பர்க், தம் நிரலின் பெயரையே சற்று மாற்ற வேண்டியதாயிற்று. மருந்தின் பெயரில் நஞ்சு விற்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

இதைவிடப் பெரிய மோசடி 1989 டிசம்பரில் நடந்தது. ஏறக்குறைய 20,000 வட்டுகள் லண்டனிலிருந்து தபாலில் பல நாடுகளுக்குப் போயின. எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் வட்டு என்று மேலே ஒட்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களுக்கும், கணினி இதழ் ஒன்றின் சந்தாதாரர்களுக்கும் அவை அனுப்பப்பட்டன. எய்ட்ஸ் என்றாலே உலகம் நடுங்கிய காலம் அது. மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அந்த வட்டை நம்பிப் போட்டுப் பார்த்தார்கள். அதில் எய்ட்ஸ் பற்றிய கேள்வி பதில்கள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அது கணினிக்குள் நுழைந்து, எத்தனை முறை கணினி இயக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 90 முறை ஆனதும், கோப்புகளின் பெயர்களையெல்லாம் புரியாத எழுத்துகளாக மாற்றி, மறைத்து வைத்துவிட்டு, '189 அமெரிக்க வெள்ளியைப் பனாமா நாட்டிலுள்ள இந்தத் தபால் பெட்டிக்கு அனுப்பு' என்று கேட்டது.

ஆட்களைக் கடத்திப் பணம் பறிப்பதைப் போல, கோப்புகளைப் பிடித்துவைத்துப் பணம் பறிக்கும் இந்த முறைக்கு அதுவே முன்னோடி. பயந்துபோய்த் தங்கள் கணினியில் இருந்ததையெல்லாம் தாங்களே அழித்துவிட்டவர்களும் உண்டு. இத்தாலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பத்தாண்டு உழைப்பை இழந்தது என்று அப்போது செய்திகள் வந்தன.

இங்கேதான் மற்றொரு நல்ல மனிதர் வருகிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜிம் பேட்ஸ் என்பவர், அந்த வட்டைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். கோப்புகளுக்குள் இருந்த விஷயம் எதுவும் கெடவில்லை, பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டிருக்கின்றன என்று கண்டார். எல்லாக் கணினியிலும் ஒரே வகையான மாற்றம். ஆகவே, ஒரு பட்டியல் கிடைத்தால் போதும், எல்லாரையும் மீட்டுவிடலாம். அவர் இரண்டு நிரல்கள் எழுதினார். 'எய்ட்ஸ் அவுட்' என்பது தீய நிரலை வெளியேற்றியது. 'கிளியர் எய்ட்' என்பது, மாறிப்போன பெயர்களைப் பழையபடி ஆக்கியது. 189 வெள்ளி கேட்ட பனாமா தபால் பெட்டிக்கு மாற்றாக, எய்ட்ஸ் அவுட் இலவசமாகவே வழங்கப்பட்டது. வட்டுகளை அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஜோசப் பாப் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர். பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அவர், மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று 1991-இல் தீர்மானிக்கப்பட்டது. வழக்கு அதோடு நின்றுபோயிற்று.

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் தழைக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1992 மார்ச் 6-ஆம் நாள் 'மைக்கேலாஞ்சலோ' என்னும் வைரஸ் 50 லட்சம் கணினிகள் வரை அழித்துவிடலாம் என்று பத்திரிகைகள் அலறின. மருந்து நிரல்கள் கடைகளில் பரபரப்பாக விற்பனையாயின. அந்த நாள் வந்தது, போயிற்று. பாதிக்கப்பட்டவை பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை என்று பிறகு சொன்னார்கள். விற்றவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். எச்சரிக்கையினால் தப்பியவர்களும் இருப்பார்கள். ஆயினும் அச்சுறுத்தாமல் எழுதிய நோர்ஸ்டாடின் கையேடு அப்போது நமக்கு இன்னும் உயர்வாகத் தோன்றுகிறது.

அந்த நோர்ஸ்டாட் 1998-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். டிஸின்ஃபெக்டன்ட் நிறுத்தப்படுகிறது என்றார். அவருக்குச் சலிப்பு வந்துவிட்டதா? காரணம் வேறு. 1995 முதல், கடிதம் எழுதும் நிரல்களின் ஆவணங்களுக்குள் ஒளிந்து பரவும் புதுவகை வைரஸ்கள் வந்திருந்தன. அவற்றை டிஸின்ஃபெக்டன்ட் பிடிக்காது. ஆனால் மக்களோ, டிஸின்ஃபெக்டன்ட் இருக்கிறது, நமக்கு என்ன பயம் என்று நம்பிக்கொண்டு இருந்தார்கள். எல்லாவற்றையும் குணப்படுத்தாத மருந்தை, எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று மக்கள் நம்பும்போது, அதைத் தொடர்ந்து கொடுப்பது தவறு என்று அவர் கருதினார். விலைக்கு விற்கப்படும் நிரல்களில் ஒன்றைப் பயன்படுத்துங்கள் என்று அவரே யோசனை கூறினார். தம் புகழையே தாம் மூடிவைப்பது எளிதான காரியம் அன்று.

இப்போது பிராக் நகரத்து பௌதிஷிடம் திரும்பி வருவோம். அவரும் அவருடைய தோழர் எட்வர்ட் குச்சேராவும் 1988-இல் ஒரு கூட்டுறவு அமைப்பாகத் தொழிலைத் தொடங்கினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் தனியார் நிறுவனம் தொடங்க இடமில்லை. ஆட்சி மாறிய பின் அது நிறுவனமாயிற்று. அவர்களுடைய நிரலின் பெயர் 'அவாஸ்ட்'. பெரிய அமெரிக்க நிறுவனங்களோடு போட்டி போட முடியாமல் தவித்த நிலையில், 2001-ஆம் ஆண்டு, வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கு இலவசம் என்று துணிந்து அறிவித்தார்கள். 2004-க்குள் 10 லட்சம் பேரும், 2006-க்குள் 2 கோடிப் பேரும் அதை ஏற்றிக்கொண்டார்கள். பணம் கொடுத்து வாங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களின் கணினிகளை அது காத்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020 ஜனவரியில் ஒரு செய்தி வெளிவந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் எந்த எந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களை, அந்த நிறுவனம் 'ஜம்ப்ஷாட்' என்னும் தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்று வந்தது என்பதே செய்தி. அந்த மாதமே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் வாணிக ஆணையம், நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் அமெரிக்க வெள்ளி செலுத்த வேண்டும் என்றும், இத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக்கூடாது என்றும் ஆணையிட்டது. வீட்டுக்குக் காவல் இருந்தவரே, வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று வெளியே விற்றால் எப்படி இருக்கும்? நோர்ஸ்டாடின் இலவசத்துக்கும் இந்த இலவசத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

சரி, அம்மையாரின் மகனுக்கு என்ன பதில்? தம்பி, உன் தாயார் சொன்னதே சரி. அந்த அறிவிப்பை அழுத்த வேண்டாம். இணையத்தில் எங்கோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றும் அறிவிப்பு, உன் கணினியைச் சோதித்துப் பார்த்துவிட்டு வருவதில்லை. யார் திறந்தாலும் அதே வாசகத்தைத்தான் காட்டும். ஃப்ளூ ஷாட்டின் பெயரில் வந்த போலியும் இந்தச் சாதிதான். அந்தப் பக்கத்தை மூடிவிடு. மூட முடியாவிட்டால் கணினியை நிறுத்தி மறுபடி இயக்கு. உன் கணினி விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், 2012-ஆம் ஆண்டு முதல் அதற்குள்ளேயே ஒரு காவல் நிரல் சேர்ந்தே வருகிறது. 'டிஃபெண்டர்' என்பது அதன் பெயர். அதற்காகத் தனியாகக் காசு கேட்பதில்லை. அதன் செலவு, விண்டோஸின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. அமைப்புகள் பகுதியில் போய், அது இயங்குகிறதா என்று பார். புதுப்பிப்பு வந்தால் தள்ளிப் போடாதே. பள்ளிப் பாடங்களை மட்டும் வேறொரு சேமிப்புக் கருவியில் வாரம் ஒருமுறை படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, அம்மாவின் பெட்டியில் வைத்துவிடு.

அம்மையாருக்கு இதையே கடிதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறோம். மற்ற நேயர்களும் இதுபோன்ற ஐயங்களை நமக்கு எழுதலாம்.

வணக்கம்.